மாப்பிள்ளை வயிற்றில் ஏறிய எண்ணெய்

எண்ணெய் ஏறியிருந்தது.

நுரையக்கா ஆயில் அளக்கும் கம்பியைத் துணியில் துடைத்து, மறுபடி எஞ்ஜினுக்குள் விட்டு, மெல்ல உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. கம்பியில் இரண்டு கோடுகள் உண்டு, கீழே ஒன்று, மேலே ஒன்று. எண்ணெயின் ஈரம் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை அப்படித்தான் நின்றது. சனிக்கிழமை சற்று மேலே. இன்று திங்கட்கிழமை, மேல்கோட்டையும் தாண்டி ஓர் அரிசி நீளத்துக்கு வந்து மினுமினுத்தது.

குறைந்திருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். எஞ்ஜின் என்றால் எண்ணெய் குறையத்தான் செய்யும். கொஞ்சம் எரிக்கும், கொஞ்சம் ஒழுக்கும். நாள் முழுக்க உழைத்துவிட்டு, யாரும் ஊற்றாமலே எண்ணெய் கூடி நிற்கிற எஞ்ஜினை அவள் பார்த்ததில்லை. கறந்து முடித்த பிறகு மாட்டின் மடி பெருத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அந்த எஞ்ஜின் ஏழு குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்ஜின். சலவைக்கூடத்தின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் அதற்கென்று தனி மேடை. அதன் சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட் சுவரின் ஓட்டை வழியாக உள்ளே போய், லாட்ஜிலிருந்து வரும் நாற்பது படுக்கை விரிப்புகளை ஒரே தடவையில் புரட்டியெடுக்கும் பெரிய டிரம்மைச் சுற்றும். நேரத்துக்கு ஊற்ற வேண்டும், லேசாகத் தட்டிக்கொடுக்க வேண்டும், கொஞ்சம் முகம் மாறினாலும் கோபித்துக்கொண்டு நின்றுவிடும் என்பதால் வீட்டில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

கூடத்தை நடத்துவது இரண்டு பெண்கள். எந்நேரமும் முழங்கை வரை சோப்பு நுரையோடு அலைவதால் மூத்தவளுக்குத் தெருவே வைத்த பெயர் நுரையக்கா. இளையவள் அவளுடைய நாத்தனார், அதாவது கணவனின் தங்கை. இஸ்திரியும் கஞ்சி போடுவதும் அவள் பொறுப்பு. அவள் கஞ்சி போட்ட சட்டையைக் கழற்றித் தரையில் வைத்தால் அதுவாகவே நிற்கும் என்பார்கள். நிற்பதிலும் பேசுவதிலும் அவளுக்கே அந்த விறைப்பு உண்டு. ஆகவே அவள் பெயர் கஞ்சி.

மாப்பிள்ளைக்கு எண்ணெய் பார்ப்பது ஆளுக்கு ஒரு வாரம். மாலையில் எஞ்ஜின் ஆறியதும் அளந்து, சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். போன மாதம் நுரையக்கா தன் வாரத்தில் இரண்டு நாள் மறந்துவிட்டாள். எண்ணெய் கீழ்க்கோடு வரை இறங்கிவிட்டது. சாப்பிடும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கஞ்சி அதைச் சொல்லிக் காட்டினாள். 'அண்ணிக்கு மாப்பிள்ளை மேல பாசமே இல்ல' என்றாள். அதிலிருந்து நுரையக்காவுக்கு உள்ளே ஒரு முள். இப்போது அந்த முள் சொன்ன பதில் தெளிவாக இருந்தது. தன் அக்கறையைக் காட்டிக்கொள்ள, அண்ணியின் வாரத்தில் திருட்டுத்தனமாக எண்ணெய் ஊற்றுகிறாள் இந்தக் கஞ்சி.

இஸ்திரி மேசைக்கு நேராகப் போய் நின்றாள்.

"நீதானே ஊத்துற?"

"எதை?"

"ஆயிலை."

"இது என் வாரம் இல்லையே. நான் எதுக்கு ஊத்தணும்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். என் வாரத்துல நீ எதுக்கு ஊத்துற?"

கஞ்சி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அண்ணி, ஆயில் விக்கிற விலைக்கு, உங்களைக் கடுப்பேத்த நான் அதைப் போய் ஊத்தணுமா? வாயைத் திறந்தாலே போதுமே."

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததாலேயே நுரையக்காவுக்குக் கோபம் கூடியது. ஒன்றுக்கு ஒன்பதாகப் பேச்சு வளர்ந்தது. கடைசியில் கஞ்சி ஒரு விரலை உயர்த்திக் கூரையைக் காட்டினாள். கூரைக்கு மேலே இருந்தது மாடி அறை.

அந்த அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் தெருவைப் பார்த்த ஜன்னல் அது ஒன்றில்தான் உண்டு. அது நுரையக்காவின் அறை. மாலை நான்கு மணிக்கு டிரம் நின்றதும் அவள் மேலே போய், ஊறிப்போன கால்களை ஜன்னல் விளிம்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்காருவாள். பேருந்து நிறுத்தம் தெரியும். முடிதிருத்தும் கடையின் கண்ணாடி தெரியும். அதற்குள் முகம் தெரியாமல் சோப்பு பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் சட்டையைப் பார்த்தே அது யார், எந்த வாரம் துவைக்கப் போட்டது என்று அவளுக்குத் தெரியும். நாளின் இருபத்து மூன்று மணி நேரத்தை அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் பொறுத்துக்கொண்டாள். கஞ்சியின் அறையோ பின்பக்கம், எஞ்ஜின் கொட்டகைக்கு ஒட்டினாற்போல். கப்பலில் வேலை பார்க்கும் அவள் கணவன் போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம், 'என்ன, கரண்ட் இல்லையா?' என்றுதான் ஆரம்பிப்பான்.

"பந்தயம் வெச்சுக்கலாம்" என்றாள் கஞ்சி. "யார் கைவேலையால ஆயில் ஏறுதுன்னு சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஆதாரத்தோட சொல்லுங்க. சொல்லிட்டா, ஜன்னலைப் பத்தி நான் இனிமே வாயே திறக்கல. சொல்ல முடியலன்னா ரூம் எனக்கு."

"எழுதி வெச்சுக்கலாமா?"

"எழுதுங்க. எனக்கென்ன பயம்?"

எழுதியது நுரையக்காவின் கணவர். பேருந்து நடத்துநர். சட்டைப்பையில் எப்போதும் பயன்படாத டிக்கெட்டுகள் இருக்கும். ஒன்றின் பின்பக்கத்தில், தங்கை சொன்ன வார்த்தைகளை அப்படியே பொடி எழுத்தில் எழுதி, தேதி போட்டார்.

"நான் சாட்சி மட்டும்தான்" என்றார். "தீர்ப்பு கீர்ப்புன்னு என்னை இழுக்காதீங்க. இந்த வீட்ல நான் இன்னும் கொஞ்ச நாள் சாப்பிடணும்."

அன்று மாலையே நுரையக்கா பொறி வைத்தாள். எஞ்ஜினில் எண்ணெய் ஊற்றும் வாய்க்குத் திருகு மூடி ஒன்று உண்டு. மூடியின் விளிம்பிலிருந்து எஞ்ஜின் உடம்பு வரை நகப்பூச்சால் மெல்லிய ஒரு கோடு இழுத்தாள். யாராவது மூடியைத் திருகினால் கோடு உடைந்துவிடும். பூச்சு கஞ்சியுடையது. கேட்டபோது அவள், "எந்த விரலுக்கு அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். ஆயில் கேனில் எண்ணெய் நிற்கும் மட்டத்தையும் பென்சிலால் குறித்துவைத்தாள் நுரையக்கா. கம்பி போகும் ஓட்டை வழியாகப் புனல் வைத்து ஊற்றினால் என்ன செய்வது என்று தோன்றியதும், அதையும் நூலால் கட்டி முடிச்சுப் போட்டாள். அவள் மட்டும் போடத் தெரிந்த முடிச்சு.

செவ்வாய் மாலை கோடு உடையவில்லை. கேன் மட்டம் குறையவில்லை. முடிச்சு அவிழவில்லை. எண்ணெய் மட்டும் இன்னும் ஓர் அரிசி ஏறியிருந்தது.

புதன் மாலையும் அதே கதை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தும் கள்ளன் அகப்படவில்லை. போகிற வருகிற நேரமெல்லாம் கஞ்சி மாடியை அண்ணாந்து பார்த்து, "ஜன்னலுக்கு நீலத்துல திரை போட்டா நல்லா இருக்குமில்ல, அண்ணி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை அளந்துவிட்டு, கம்பியைத் துடைத்த வெள்ளைத் துண்டுத்துணியை நுரையக்கா கொடியில் போட்டிருந்தாள். பழைய விரிப்பைக் கிழித்தது. அந்தப் பக்கம் வந்த கஞ்சி, கூடையை இடுப்பில் இடுக்கியபடியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பந்தயம் மறந்துபோனது. இருபது வருடமாகக் கறைகளோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு, தப்பான ஒரு கறையைக் கண்டால் அப்படித்தான் ஆகும்.

"அண்ணி, இது ஆயில் கறை இல்ல."

"பின்ன? நான்தானே துடைச்சேன்."

"ஆயில் இப்படி ஓடாது. இங்க பாருங்க."

துணியின் நடுவில் சிறிய கறுப்புப் பொட்டு. அதைச் சுற்றி, நிலவுக்குக் கோட்டை கட்டினாற்போல் வெளிறிய பெரிய வட்டம். கஞ்சி உள்ளே போய் அதே விரிப்பில் இன்னொரு துண்டு கிழித்து வந்தாள். கேனிலிருந்து புது எண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். அது வண்டு மாதிரிக் குந்திக்கொண்டு, நகரவே யோசித்தது. பக்கத்தில் டாங்கியிலிருந்து டீசல் ஒரு சொட்டு. விட்ட மாத்திரத்தில் அது துணியின் இழை இழையாகப் பிடித்து ஓடி, வெளிறிய பெரிய வட்டமாக விரிந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கொடியில் கிடந்த கறை.

இருவரும் துணியை முகர்ந்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டீசல்" என்றாள் நுரையக்கா.

"டீசல்தான். இப்ப சொல்லுங்க, அதையும் நான்தான் ஊத்துறேனா?"

நுரையக்கா கொட்டகைக்கு விரைந்தாள். ஓடிக்கொண்டிருந்த எஞ்ஜினை அந்தக் கணமே நிறுத்தினாள். எண்ணெயின் வேலை, வேகமாய்ச் சுழலும் இரும்புக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி கிடப்பது. டீசல் கலந்தால் அந்த மெத்தை தண்ணீராகிவிடும். இரும்பு இரும்போடு உரசும். அளவு கூடுகிறதே என்று சும்மா இருந்தால், ஒரு மாதத்தில் மாப்பிள்ளைக்கு முட்டி தேய்ந்துவிடும்.

அன்று விரிப்புகளைக் கையால் கும்மித் துவைத்தார்கள். முதுகு விண்ணென்று தெறித்தது.

வெள்ளிக்கிழமை காலை இன்னொரு வேடிக்கை. முந்தின நாள் காலையிலிருந்து எஞ்ஜின் ஓடவே இல்லை. ஆனாலும் எண்ணெய் ஏறியிருந்தது.

"ஓடாத எஞ்ஜினுக்குள்ள டீசல் எப்படி அண்ணி போகும்?"

நுரையக்கா அண்ணாந்தாள். டீசல் டாங்கி எஞ்ஜினின் தோள் உயரத்துக்கு மேலே, சுவரில் அடித்த இரும்புத் தாங்கியில் உட்கார்ந்திருந்தது. மேலே இருப்பது கீழே வர எஞ்ஜின் ஓட வேண்டிய அவசியம் இல்லை. வழி ஒன்று இருந்தால் போதும். டாங்கிக்கு அடியில் இருந்த குழாய்த் திருகை அவள் இறுக்கி மூடினாள். சுவரில் கோடு போட்டாள்.

சனிக்கிழமை காலை, எண்ணெய் அதே கோட்டில் நின்றது. ஒரு மயிரிழை கூட ஏறவில்லை. ஆகவே டாங்கியிலிருந்து வரும் டீசல்தான் எங்கேயோ வழி கண்டுபிடித்து எஞ்ஜினின் வயிற்றுக்குள் இறங்குகிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க, நுரையக்கா வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். யோசிக்க அவளுக்குப் பிடிக்கும். டாங்கியிலிருந்து விரலால் குழாயைத் தடவிக்கொண்டே வந்தாள். டாங்கி, வடிகட்டி, அதற்கப்புறம் டீசல் பம்பு. பம்பு எஞ்ஜினின் விலாவில், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், மூன்று நட்டுகளால் இறுக்கி வைத்திருக்கும். பம்பின் உள்ளே ஓர் இரும்புக் குழல். குழலுக்குள் சுண்டுவிரல் பருமனில் ஒரு தண்டு. எஞ்ஜின் சுழலும்போது வயிற்றுக்குள்ளிருந்து ஒரு மேடு வந்து அந்தத் தண்டை அடியிலிருந்து குத்தும். தண்டு மேலே பாயும். குழலில் இருக்கிற ஒரு சொட்டு டீசல், போக வேறு இடம் இல்லாமல், பயங்கர அழுத்தத்தோடு மெல்லிய குழாய் வழியே சிலிண்டர் தலைக்குப் பாய்ந்து, அங்கே புகையாய்ச் சிதறி எரியும். ஒரு நிமிடத்துக்கு எழுநூறு தடவைக்கு மேல், ஒவ்வொரு தடவையும் அதே அளவு. இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பம்பின்மேல் ஒரு மரியாதை வரும்.

ஆக, பம்பின் மேல்பாதி டீசலில் குளித்துக்கொண்டிருக்கிறது. கீழ்ப்பாதி எஞ்ஜின் வயிற்றில், எண்ணெயில். டீசலும் எண்ணெயும் ஒரே சுவரின் இரண்டு பக்கமாகக் குடியிருக்கிற இடம் மாப்பிள்ளையின் உடம்பிலேயே இது ஒன்றுதான். நடுச்சுவர் என்பதும் பெரிய சுவர் இல்லை. குழலைச் சுற்றி மாட்டியிருக்கும் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். மேலே ஒரு வளையம், டீசல் வெளியே ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும். கீழே ஒரு வளையம், டீசல் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளும். அந்தக் கீழ் வளையம்தான் போயிருக்க வேண்டும்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவள் தொடையில் தட்டிக்கொண்டாள். அடுத்த நொடி அந்தக் கை அப்படியே நின்றது.

அந்த வளையங்களை மாற்றியது யார் என்று அவளுக்குத் தெரியும்.

ஆறு வாரம் முன்பு கஞ்சி மூன்று நாள் புகுந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அப்போது பம்பின் தலைப்பக்கம் டீசல் வெளியே கசிந்தது. நுரையக்காவே பம்பைக் கழற்றினாள். உள்ளே இருந்த இரண்டு கறுப்பு வளையங்களும் காய்ந்து வெடித்திருந்தன. அன்று உதிரிபாகக் கடை விடுமுறை. அவள் கண் அலமாரியில் இருந்த ஒரு தகர டப்பாவில் விழுந்தது. டிரம்முக்குத் தண்ணீர் வரும் குழாயில் போடும் ரப்பர் வளையங்கள், செங்கல் சிவப்பில். கஞ்சியின் டப்பா. அவளைக் கேட்காமல் அதை யாரும் தொடக்கூடாது. எடுத்து வைத்துப் பார்த்தால், அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. இரண்டு எடுத்து மேலே ஒன்று, கீழே ஒன்று போட்டாள். கசிவு நின்றது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, கஞ்சி வருவதற்குள் டப்பாவை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, விஷயத்தையே மறந்துபோனாள்.

ஊற்றியது யார் என்று ஆறு நாளாகத் தேடிய கள்ளன், கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தான்.

மணி பத்து. ஆறு மணிக்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும். பம்பைத் திறக்காவிட்டால் அறை போய்விடும். கஞ்சியின் கண்ணெதிரே திறந்தால் சிவப்பு வளையம் காட்டிக்கொடுத்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது. தனியாகத் திறக்க வேண்டும். வளையத்தைச் சாக்கடையில் போட்டுவிட்டு, பம்புக்கு வயசாகிவிட்டது, செய்தவன் கைவேலை சரியில்லை என்று சாதிக்க வேண்டும். அவளுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது.

"நீ லாட்ஜுக்குப் போய்த் தலையணை உறையை எண்ணிட்டு வந்துடேன்" என்றாள்.

"நேத்தே எண்ணிட்டேன்."

"சோப்புத்தூள் தீர்ந்துபோச்சு போல."

"மூணு மூட்டை இருக்கு."

"உன் புருஷன் போன் பண்ற நேரமில்ல இது?"

"அவருக்கு இப்ப டியூட்டி. ஏன் அண்ணி, நான் இங்க இருந்தா மாப்பிள்ளைக்குக் கூச்சமா?"

மாலை வரை அவள் வீட்டைவிட்டு நகரவில்லை. நுரையக்கா அவளை மாடிக்கும் கீழுக்கும், கொடிக்கும் தொட்டிக்குமாக விரட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் போன வேகத்தில் திரும்பி வந்தாள். நாலு மணிக்கு வாளியை இழுத்துப்போட்டு எஞ்ஜினுக்கு எதிரே சம்மணம் இல்லாத குறையாக உட்கார்ந்தே விட்டாள்.

வேறு வழியில்லை. நுரையக்கா வேலையைத் தொடங்கினாள். முதலில் டாங்கித் திருகு மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். பம்பைச் சுற்றித் தூசு இல்லாமல் துடைத்தாள், ஏனென்றால் ஒரு மணல்துகள் உள்ளே போனாலும் தண்டும் குழலும் கீறிப்போகும். மேலே போகும் மெல்லிய குழாயைக் கழற்றி, அதன் இரு வாயையும் துணியால் அடைத்தாள். மூன்று நட்டுகளையும் மாற்றி மாற்றித் தளர்த்தி, பம்பை நேராக வெளியே இழுத்தாள். அடியில் மூன்று மெல்லிய தகடுகள் இருந்தன. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் டீசல் பாயும் நேரம் மாறிவிடும் என்பதால், அவற்றை எண்ணி, அப்படியே நூலில் கோத்துத் தொங்கவிட்டாள்.

பம்பை மேசைக்குக் கொண்டுபோய்த் தலைப்பகுதி நட்டைத் திறந்தாள். மேல் வளையம் பிதுங்கி எட்டிப் பார்த்தது. கை மறைவில் அதை நெம்பி எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். குழலை வெளியே தள்ளினாள். கீழ் வளையம் வரவில்லை. இழுத்தபோது பாதியாகக் கிழிந்து, ஒரு துண்டு மேசைமேல் விழுந்தது. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி உப்பி, கொழகொழவென்று, செங்கல் சிவப்பில்.

கஞ்சி அதைப் பார்த்தாள். அப்புறம் அண்ணியின் மூடிய கையைப் பார்த்தாள்.

"கையை விரிங்க."

"அழுக்குக் கை."

"நம்ம தொழிலே அழுக்குதானே. விரிங்க."

நுரையக்கா விரித்தாள். கஞ்சி எழுந்து போய், தகர டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள். சிவப்பு வளையங்கள் உருண்டன.

"பன்னெண்டு வாங்கினேன். பத்துதான் இருக்கு. ஆறு வாரமா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கேன், எலி தின்னுச்சோன்னு. எலி இங்க உட்கார்ந்திருக்கு."

நுரையக்கா பேந்தப் பேந்த விழித்தாள். மேசையில் இரண்டு உப்பிய வளையம், பத்து நல்ல வளையம். கையும் களவுமாக மாட்டியவர்களுக்கு உலகத்தில் எவ்வளவு சாட்சி வேண்டுமோ அவ்வளவும் அங்கே இருந்தது. கஞ்சியின் முகத்தில் நீலத் திரை ஆடியது.

அந்தச் சாட்சி என்ற சொல்லில்தான் நுரையக்காவின் மூளை ஒரு நிமிடம் நின்று, திரும்பி, வேறு பக்கமாக ஓடத் தொடங்கியது. நாள் முழுக்க எதை ஒளித்தாளோ, அதுதான் அவளுக்கு வேண்டிய பொருள்.

"மணி என்ன?" என்றாள்.

"அஞ்சே கால். ஏன்?"

"உங்க அண்ணன் வந்தாச்சா? அந்த டிக்கெட்டை எடுத்துட்டு வரச் சொல்லு."

அப்போதுதான் வேலை முடிந்து வந்து பையைக் கழற்றிக்கொண்டிருந்த நடத்துநர், டிக்கெட்டோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"படிங்க" என்றாள் நுரையக்கா.

அவர் படித்தார். யார் கைவேலையால் ஆயில் ஏறுகிறது என்று, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள், ஆதாரத்தோடு.

நுரையக்கா நிமிர்ந்து நின்றாள். "என் கைவேலை. ஆதாரம் இந்த ரெண்டு ரிங். இன்னும் வேணும்னா உன் டப்பா. மணி ஆறு ஆகல."

கஞ்சி மேசையைத் தட்டினாள். "அண்ணி, இது அநியாயம். தப்புப் பண்ணினவங்களே கண்டுபிடிச்சா ஜெயிச்ச மாதிரியா?"

"யார்னு கேட்ட. சொல்லிட்டேன். நான் இல்லாத வேற ஆளா இருக்கணும்னு நீ எழுதச் சொல்லலையே."

"அண்ணா, நீ சொல்லு."

நடத்துநர் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார், முன்பக்கத்தில் ஏதாவது உதவி இருக்கிறதா என்று. "எழுதினபடி பார்த்தா…" என்று ஆரம்பித்து, தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் குளிச்சிட்டு வரேன்" என்று போய்விட்டார். அவர் போன வேகத்திலேயே தீர்ப்பு தெரிந்துவிட்டது.

கஞ்சி கொஞ்ச நேரம் டப்பாவுக்குள் வளையங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பத்தாவது வளையம் உள்ளே விழுந்தபோது அவள் உதட்டோரம் லேசாகச் சுருங்கியது.

"சரி. ஜன்னலைப் பத்தி வாய் திறக்க மாட்டேன். சொன்னது சொன்னதுதான்."

"நல்லது."

"ரிங்கைப் பத்தித் திறக்கலாமில்ல? அதைப் பத்தி டிக்கெட்ல ஒண்ணும் இல்லையே. முடிவெட்டுற கடையில ஆரம்பிக்கிறேன். தண்ணிக் குழாய் ரிங்கை டீசல் பம்புல போட்டுட்டு, நாத்தனார்காரிக்குப் பொறி வெச்ச கதை. நீங்க மேல ஜன்னல்ல உட்கார்ந்து கேளுங்க, நல்லாக் கேக்கும்."

நுரையக்காவுக்கு அந்தக் கண்ணாடியும், சோப்பு பூசிய முகங்களும், அவை ஒவ்வொன்றாகத் தன் ஜன்னலை அண்ணாந்து பார்ப்பதும் தெரிந்தன. வெற்றி வாய்க்குள்ளேயே கசந்தது.

"என்ன வேணும் உனக்கு?"

"நாலுலருந்து அஞ்சு. ஜன்னல்ல பாதி. அவர் போன் பண்ணினா நீங்க காலை எடுத்துக்கணும்."

"காலை எடுத்தா வலிக்குமே."

"முக்காலி தரேன்."

பேரம் படிந்தது. இருவரும் கடை மூடுவதற்குள் உதிரிபாகக் கடைக்கு நடந்தார்கள். கடைக்காரரின் மேசையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி உண்டு. ஊர்க்காரர்கள் எஞ்ஜினுக்குள் மாட்டிவைத்த கண்ட பொருட்களையும் வாங்கி அதில் போட்டுவைப்பார். மரக்கட்டை, செருப்புத்தோல், பொத்தான். அதற்கு அவர் வைத்திருந்த பெயர், அறிவாளிகள் ஜாடி. உப்பிய சிவப்பு வளையத்தை விரல்களுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தார்.

"தண்ணிக்குப் போடற ரப்பர். டீசல் பட்டா குடிச்சு வீங்கும். வீங்கின புதுசுல நல்லாவே அடைக்கும், அதான் கசிவு நின்னிருக்கும். அப்புறம் ஊறி, தண்டு குத்துற அதிர்ச்சியில கிழிஞ்சிடும். மேல்ரிங்கும் இன்னும் பத்து நாள்தான் தாங்கியிருக்கும். யார் போட்டது?"

நுரையக்கா அலமாரியைப் பார்த்தாள்.

"ஊர் பேர் தெரியாத ஒரு மெக்கானிக்" என்றாள் கஞ்சி. "வேலை முடிஞ்சதும் ஆளையே காணோம்."

வளையம் ஜாடிக்குள் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பம்பைப் பூட்டினார்கள். புதிய வளையங்களில் டீசல் தடவி வழுக்கவிட்டு உட்காரவைத்தார்கள். தகடுகள் மூன்றும் அதே வரிசையில் போயின. பம்பின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முளை, உள்ளே வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவையின் பிளவுக்குள் விழுந்ததா என்று கஞ்சி டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னாள். அது விழாவிட்டால் எஞ்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடும். பழைய எண்ணெயை முழுக்க வடித்துப் புதியதை ஊற்றினார்கள். டாங்கித் திருகைத் திறந்து, பம்பின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழிகள் நின்று வெறும் டீசலாக வரும்வரை காத்திருந்து இறுக்கினார்கள். கைப்பிடியை ஐந்து சுற்று சுற்றியதும் மாப்பிள்ளை ஒரு செருமல் செருமி ஓடத் தொடங்கினார்.

அடுத்த ஏழு நாளும் சுவரில் சாக்பீஸ் கோடுகள் ஒரே மட்டத்தில் விழுந்தன. செய்தது இவ்வளவுதான்: பம்பிலிருந்த தண்ணீர்க்குழாய் வளையங்கள் இரண்டையும் எடுத்துவிட்டு, டீசலுக்கென்றே செய்த கறுப்பு ரப்பர் வளையங்கள் இரண்டைப் போட்டார்கள், எஞ்ஜின் எண்ணெயை மாற்றினார்கள், எண்ணெய் ஏறுவது நின்றது.